பாக்டீரியாவா, பாக்டீரியாக்களா?

மெய்ப்புத் திருத்துநர், மயிலாப்பூர்

வணக்கம். ஓர் அறிவியல் நூலுக்கு மெய்ப்புத் திருத்தி வருகிறேன். அதன் ஆசிரியர் எங்கும் 'பாக்டீரியாக்கள்' என்றே எழுதியிருக்கிறார். இலத்தீனில் 'பாக்டீரியம்' ஒருமை, 'பாக்டீரியா' பன்மை என்பதால், பன்மையின்மேல் மீண்டும் 'கள்' சேர்ப்பது பிழையெனக் கருதி 40 பக்கங்கள் வரை அதை நீக்கிவிட்டேன். பிறகு 'ஃபார்முலாக்கள்' எதிர்ப்பட்டதும் கை நின்றுவிட்டது. 'ஃபார்முலா' இலத்தீனில் ஒருமை. அதன் பன்மை 'ஃபார்முலே'. ஆங்கிலத்திலோ 'ஃபார்முலே', 'ஃபார்முலாஸ்' இரண்டும் வழங்குகின்றன. தமிழில் எழுதும்போது எந்த மொழியின் பன்மையைப் பின்பற்றுவது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்

இரண்டையும் பின்பற்ற வேண்டாம். நீக்கிய 'கள்' விகுதியை மீண்டும் சேர்த்துவிடுங்கள். வேற்றுமொழியிலிருந்து நாம் வாங்குவது சொல்லை மட்டுமே. வடமொழிச் சொல் 'புத்தகம்' ஆனபோது 'புஸ்தகானி' என்ற அம்மொழிப் பன்மை உடன்வரவில்லை. 'புத்தகங்கள்' என்றே எழுதினோம். இலத்தீனின் 'உம்' ஈற்றுச் சொற்களும் தமிழில் மகர ஈறாகி மரம், குளம் போலவே நடக்கின்றன: மியூசியங்கள், ஸ்டேடியங்கள். 'ஸ்டேடியா' என்பதா, 'ஸ்டேடியம்ஸ்' என்பதா என்று ஆங்கிலத்தில் எழுதுவோர் தயங்கலாம்; சேப்பாக்கத்தையும் நேரு விளையாட்டரங்கையும் சேர்த்துச் சொல்லும் தமிழருக்கு அந்தத் தயக்கம் எழுவதே இல்லை.

பன்மையின்மேல் பன்மை என்று அஞ்சவும் வேண்டாம். 'மற்றையவர்' என்பதே பலர்பால்; ஆயினும் வள்ளுவர் 263ஆம் குறளில் 'மற்றையவர்கள்' என்கிறார். 'பாக்டீரியா' தமிழுக்கு வெறும் பெயர்ச்சொல்லாகவே வந்தது. விழா விழாக்கள் ஆவதுபோல அது பாக்டீரியாக்கள் ஆகிறது.

உயிரியல் ஆசிரியை, தாம்பரம்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். முன்பு வகுப்பில் ஒருமைக்குப் 'பாக்டீரியம்' என்று எழுதிப் பார்த்தேன். மாணவர்கள் அதை வேறோர் உயிரி என்றே நினைத்தார்கள். இப்போது 'ஒரு பாக்டீரியா செல்' என்கிறேன். மூலமொழிப் பன்மையே வேண்டும் என்பவர்கள் 'வைரஸ்' என்ற சொல்லையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நஞ்சு என்று பொருள்படும் அச்சொல்லுக்குப் பழைய இலத்தீன் நூல்களில் பன்மை வடிவமே காணப்படவில்லை. 'ஆக்டோபஸ்' கிரேக்க வேரிலிருந்து வந்தது. 'ஆக்டோபை' என்பது அதை இலத்தீன் என்று எண்ணி ஆக்கிய வடிவம். எனவே வைரஸ்கள், ஆக்டோபஸ்கள் என்றே எழுதுங்கள். ஆனால் 'லாக்டோபேசில்லஸ்' போன்ற பேரினப் பெயரோடு 'கள்' சேர்க்க வேண்டாம். 'லாக்டோபேசில்லஸ் இனங்கள்' என்பது போதும்.

மெய்ப்புத் திருத்துநர், மயிலாப்பூர்

இருவருக்கும் நன்றி. ஓரிடத்தில் ஆசிரியரே 'கள்' இல்லாமல் 'பாக்டீரியா பெருகுகின்றன' என்று எழுதியிருக்கிறார். அதையும் மாற்ற வேண்டுமா, ஐயா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்

வேண்டாம். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என இருவகையிலும் வரும் பால்பகா அஃறிணைப் பெயர் நம் இலக்கணத்தில் உண்டு. அங்கே எண்ணை வினைமுற்றே காட்டும். ஆகவே அந்த வாக்கியம் சரியே, இலத்தீன் அதற்குக் காரணமில்லை என்றாலும். நீங்கள் தேட வேண்டியது 'பாக்டீரியாக்கள் பெருகுகிறது' என்பது போன்ற இடங்களைத்தான்.

மெய்ப்புத் திருத்துநர், மயிலாப்பூர்

தேடினேன், ஐயா, 3 இடங்களில் இருந்தது. இந்த 40 பக்கங்களுக்கும் மறுமெய்ப்பு கேட்டிருக்கிறேன்.