சர்வீஸ் வரிசை தவறினால் எத்தனை பாயின்ட் குறையும்?

கேள்வி (கேப்டன்): வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் வாலிபால் போட்டியில் ஆடினோம். இரண்டாவது செட், 17-17, சர்வீஸ் எதிரணியிடம். அந்த பாயின்டை நாங்கள் எடுத்து 18-17 ஆனது. சர்வீஸ் கைக்கு வந்த வேகத்தில் யாரும் இடம் மாறவில்லை. 4-ஆம் எண் பையன் போட வேண்டியதை, முன்பு போட்ட 7-ஆம் எண்ணே மறுபடி போட்டுவிட்டான். தொடர்ந்து மூன்று பாயின்ட், 21-17. அப்போதுதான் ஸ்கோர் எழுதுபவர் கவனித்தார். நடுவர் எங்களுக்கு நான்கு குறைத்து, எதிரணிக்கு ஒன்று கொடுத்து, 17-18 என்றார். செட்டை 23-25 என்று தோற்றோம். மனது ஆறவே இல்லை. நான்கு குறைத்தது சரியா? சர்வீஸ் திரும்பி வந்தபோது, 4 இன்னும் போடவே இல்லை, ஆனாலும் அவனுக்கு அடுத்த 11-ஆம் எண்ணைப் போடச் சொன்னார்கள். அது ஏன்?

பதில் 1: ரொட்டேஷன் (சர்வீஸ் கிடைத்ததும் ஒரு இடம் சுற்றுவது) தப்புக்கு எதிரணிக்கு ஒரு பாயின்ட், சர்வீஸ், அவ்வளவுதான். எடுத்த பாயின்டைக் குறைக்கவே கூடாது.

பதில் 2: இல்லை தம்பி, குறைக்கலாம். நான் பல வருடமாக ஸ்கோர் மேசையில் உட்காருகிறேன். தப்பு எந்த நொடியில் நடந்தது என்று ஸ்கோர் தாளில் தெரிந்தால், அதற்குப் பிறகு தப்பு செய்த அணி எடுத்த பாயின்ட் அத்தனையும் ரத்து. எதிரணி எடுத்தது அப்படியே நிற்கும். எப்போது நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் மட்டும்தான் நீங்கள் சொல்வது பொருந்தும்.

கேப்டன், உங்கள் கணக்குக்கு வருவோம். தப்பு நடந்தது 7-ஆம் எண் பந்தை அடித்தபோது. 18-ஆவது பாயின்ட் அதற்கு முன்பே, எதிரணி சர்வீஸில், முறையாக எடுத்தது. அதைத் தொடக்கூடாது. மூன்று மட்டும் போய், எதிரணிக்கு ஒன்று சேர்ந்து, 18-18, சர்வீஸ் அவர்களுக்கு. ஒரு பாயின்ட் உங்களுக்கு நியாயமாக வர வேண்டியது.

11-ஐப் போடச் சொன்னது சரிதான். 18-17-இல் சர்வீஸ் கிடைத்தபோதே நீங்கள் ஒரு இடம் சுற்றியாக வேண்டும். தப்பைத் திருத்தும்போது 4-ஐப் பின்வரிசை வலது மூலையில் நிறுத்துகிறார்கள். மறுபடி சர்வீஸ் வென்றதும் கடிகாரத் திசையில் இன்னொரு இடம் சுற்றினால் 11 வந்துவிடுவான். 4 தன் முறையை இழந்தான், பாவம்.

பதில் 3: நாங்கள் ஆடிய காலத்தில் செட் 15 பாயின்ட், சர்வீஸ் போட்ட அணிக்குத்தான் பாயின்ட். வரிசை தவறினால் சர்வீஸ் எதிரணிக்குப் போகும், கூடவே பாயின்ட் கொடுப்பதில்லை. 1998-இல் சர்வதேச சம்மேளனம் ராலி முறைக்கு மாறிய பிறகு ஒவ்வொரு பந்துக்கும் பாயின்ட். மறதிக்கு விலை கூடிவிட்டது.

கேப்டன்: ரொம்ப நன்றி அண்ணா. ஸ்கோர் எழுதுபவர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே?

பதில் 2: சொல்லக்கூடாது. தவறான ஆள் பந்தை அடித்த பிறகுதான் அவர் மணி அடிக்க வேண்டும். முதல் பந்திலேயே அடித்திருக்க வேண்டியது. மூன்று பந்து விட்டது அவர் பிழை. ஆனால் சந்தேகம் வந்தால், வீரர்கள் நிற்கும் இடத்தைச் சரிபார்க்கச் சொல்லி நடுவரிடம் கேட்க கேப்டனுக்கு உரிமை உண்டு. சர்வீஸ் விசிலுக்கு முன்பே கேளுங்கள். விசில் அடித்தால் 8 நொடிக்குள் பந்தை அடித்தாக வேண்டும். செட் தொடங்கும்போது கொடுக்கிற ஆறு எண்களையும் ஒரு அட்டையில் எழுதி பெஞ்சில் ஒருவரிடம் கொடுங்கள். சர்வீஸ் வென்றதும் அவர் அடுத்த எண்ணைச் சத்தமாகக் கூப்பிடட்டும்.