பிளஸ் டூவில் 567, நீட்டில் 318: மகளை எங்கே சேர்ப்பது?

ஏற்காடு அம்மா:
எங்கள் வீடு ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கம். மகள் பிளஸ் டூவில் 600-க்கு 567. உயிரியல் 98, வேதியியல் 95, கணக்கு 94, இயற்பியல் 93. நீட்டில் 720-க்கு 318தான். அவள் அப்பா இன்னொரு வருஷம் நாமக்கல்லில் ஹாஸ்டலில் விட்டு ரிப்பீட் பண்ண வைக்கலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எட்டாவது வரை உதவிபெறும் பள்ளியில் படித்தாள், அப்புறம்தான் அரசுப் பள்ளி. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் 7.5 சதவீத ஒதுக்கீடு என்பதால் அதுவும் இல்லை. பொறியியல், கால்நடை, வேளாண்மை மூன்றுக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாமக்கல் அப்பா:
ரிப்பீட் பண்ண வையுங்கள் அம்மா. என் மகன் முதல் தடவை 331. ஒரு வருஷம் ஹாஸ்டலில் இருந்து படித்து, 2022-இல் 547 எடுத்து அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான். பிளஸ் டூவில் உங்கள் மகளைவிடக் குறைந்த மார்க்தான். 567 எடுக்கிற பிள்ளைக்கு மூளை இல்லாமல் இல்லை, பயிற்சிதான் இல்லை. ஒரு வருஷத்தைப் பார்த்து நாற்பது வருஷத்து வாழ்க்கையை விட்டுவிடாதீர்கள்.

கருப்பூர் பழைய மாணவன்:
அண்ணா, உங்கள் மகனுக்குக் கிடைத்தது சந்தோஷம். என் அக்கா மகளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் ரிப்பீட் பண்ணினாள். மூன்றாவது தடவை ரிசல்ட் வந்த அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவள், சாயங்காலம் வரை திறக்கவில்லை. அக்கா வெளியே சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டே இருந்தார். ஜெயித்தவர்கள் வெளியே சொல்கிறார்கள், மற்றவர்கள் சொல்வதில்லை.

என் கதையையும் சொல்கிறேன். ஓமலூர் பக்கம் கிராமம். நம் மாநிலத்தில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டு, பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து 2007-இல் சேர்த்தார்களே, அந்த பேட்ச் நான். நுழைவுத்தேர்வு இருந்திருந்தால் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டேன். கோச்சிங் போகிற வசதி வீட்டில் இல்லை. முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது உண்மை. அடுத்த முறை எழுதி முடித்தேன். நாலு வருஷத்தில் டிகிரியோடு வெளியே வந்தேன்.

அதனால் அக்கா, மார்க்குக்கு மதிப்பு இருக்கிற இடத்தைப் பாருங்கள். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் 98 அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 46.5, 47.5 சேர்த்தால் 200-க்கு 192. அதே கணக்கில் உயிரியலுக்குப் பதில் கணிதத்தை வைத்தால் பொறியியல் கட் ஆஃப் 188. வேளாண்மைக்கு நாலு பாடத்தையும் பாதியாக்கினால் 190. எங்கேயும் நீட் கேட்க மாட்டார்கள்.

சேலம் வாசகி:
சித்தா சேர்க்கலாமே? அதற்கு நீட் வேண்டாம் என்று கேள்விப்பட்டேன்.

பயாலஜி டீச்சர்:
தப்பு அம்மா. சித்தா, ஆயுர்வேதா, ஓமியோபதி மூன்றுக்கும் நீட் தகுதி வேண்டும். 318 தகுதிக்குப் போதும், அது வேறு விஷயம். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் இரண்டும் பிளஸ் டூ மார்க்கில் நடக்கின்றன.

விண்ணப்பங்களை முன்கூட்டியே போட்டது நல்ல வேலை. 2025-இல் பொறியியல் விண்ணப்பம் ஜூன் 6-இல் முடிந்தது, நீட் முடிவு ஜூன் 14-இல்தான் வந்தது. ரிசல்ட்டுக்காகக் காத்திருந்து கையைப் பிசைந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

கருப்பூர் தம்பி சொல்வதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். பிளஸ் டூ மார்க் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. புத்தகத்தின் பின்னால் இருக்கிற கேள்வியை மட்டும் படித்து 95 எடுக்கிற பிள்ளைகளை வகுப்பில் தினமும் பார்க்கிறேன். அதனால் முடிவெடுக்கும் முன்னால் மகளின் ஓஎம்ஆர் விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். எத்தனை சரி, எத்தனை தப்பு, எத்தனை தொடவே இல்லை, பாடவாரியாக.

ஏற்காடு அம்மா:
டீச்சர், ராத்திரி சமையல் முடித்து நானும் மகளும் உட்கார்ந்து எண்ணினோம். சரி 90, தப்பு 42, விட்டது 48. உயிரியல் 90 கேள்வியில் 60 சரி. வேதியியல் 45-இல் 21. இயற்பியல் 45-இல் 9 சரி, 5 தப்பு, 31 தொடவே இல்லை. பள்ளியில் பாதி வருஷம் இயற்பியல் ஆசிரியர் கிடையாது. டெரிவேஷனை மனப்பாடம் செய்து 93 எடுத்திருக்கிறாள். கோச்சிங்குக்குச் சேலத்துக்கு அனுப்பலாம் என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். இருட்டினால் வீடு வருவது கஷ்டம் என்று விட்டுவிட்டோம்.

நாமக்கல் அப்பா:
பார்த்தீர்களா! உங்கள் பிள்ளை தோற்கவில்லை அம்மா. இயற்பியலை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஒரு வருஷம் கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தால் அந்த 31-இல் பாதியாவது வரும். கேள்விக்கு நாலு மார்க். தப்புக்கு ஒன்று கழிகிறதே, தெரியாததை விடப் பழகினால் அதிலும் நாற்பது மிச்சம்.

பயாலஜி டீச்சர்:
அண்ணன் சொல்வது நியாயம், நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தத் தாளிலேயே இன்னொன்றும் இருக்கிறது. 180 நிமிஷத்தில் 180 கேள்வி என்ற ஓட்டத்தில், கோச்சிங் இல்லாமல், உயிரியலில் மட்டும் 60 சரியாகப் போட்டிருக்கிறாள். அவளுக்குப் பிடித்த பாடம் எது என்று தெரிகிறது. அதற்காக 192-க்குக் கால்நடை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வகுப்புப் பிரிவுக்குப் போன வருஷம் எந்த கட் ஆஃப் வரை இடம் போனது என்று பாருங்கள். கல்லூரி நாமக்கல்லில் ஒன்று இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே தலைவாசலிலும் இருக்கிறது. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. மகளிடம் கேட்டீர்களா?

ஏற்காடு அம்மா:
கேட்டேன் டீச்சர். போன மார்கழியில் எங்கள் ஆடு குட்டி போட முடியாமல் தவித்தது. டாக்டர் வருவதற்குள் குட்டியின் காலை இவளே மெதுவாகத் திருப்பி வெளியே எடுத்தாள். அவ்வளவு நேரமும் ஆட்டிடம் பேசிக்கொண்டே இருந்தாள். "ரிப்பீட் பண்ணினால் ஒரு வருஷம் இயற்பியல்தாம்மா, அதுக்கு நான் தலைவாசல் போறேன்" என்கிறாள். அவள் அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி, ஆத்தூர் வழியாக மூன்று பேரும் தலைவாசல் போகிறோம். அவர் கண்ணால் பார்க்கட்டும்.

நாமக்கல் அப்பா:
போய்ப் பாருங்கள். அப்படியே ஒரு நாள் அண்ணனை நாமக்கல்லுக்கும் கூட்டி வாருங்கள். என் மகன் லீவில் வந்திருக்கிறான், அந்த ஒரு வருஷம் எப்படி இருந்தது என்று அவன் வாயாலேயே கேட்கட்டும். கஷ்டப்பட்டதையும் மறைக்காமல் சொல்லச் சொல்கிறேன்.