சிறை முகாமில் காவலனுக்கே அல்வா கொடுக்கும் காமெடி நாடகம்: நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

காசிமேடு_கதிர்:

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரம் பக்கம் ஒரு சின்ன நாடகக் குழு வைத்திருக்கிறோம். மொத்தம் எட்டுப் பேர், அதில் மூன்று பேருக்குத்தான் வசனம் மனப்பாடம் ஆகும். பொங்கலுக்குத் தெருவில் மேடை போட்டு நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை ஒரு போர்க்காலச் சிறை முகாம் கதை: உள்ளே மாட்டிக்கொண்ட நாலு கைதிகள் கமாண்டன்ட்டை டபாய்த்துக்கொண்டே தங்கள் படைக்கு ரகசியத் தகவல் அனுப்புகிறார்கள், பீரங்கி வரைபடத்தை இட்லித் துணிக்குள் சுற்றி அனுப்புகிறார்கள், இப்படிப் போகும்.

பிரச்சினை யார் என்றால், எங்களுக்கு யூனிபார்ம் தைத்துத் தரும் டைலர் அண்ணன். ஒத்திகையைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கி வெச்சிருக்கிறவன் இவ்ளோ மாங்காவா இருப்பானா? நாலு பேர் சேந்து ஏமாத்துறதுக்கு அவனே வந்து தலைய நீட்டுறான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் கமாண்டன்ட் நடிகருக்கே ரோல் பிடிக்கவில்லை. நிஜத்தில் கைதிகள் காவலர்களை இப்படி முட்டாளாக்கிய சம்பவங்கள் இருந்தால் சொல்லுங்கள், எந்தப் போர் என்றாலும் சரி. நம்ம ஊர் வாசனை கொஞ்சம் இருந்தால் இன்னும் நல்லது. சுரங்கம் மட்டும் வேண்டாம், தெருவை ஏற்கெனவே தோண்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

மின்ட்_மணி:

காலேஜில் ப்ராக்ஸி கொடுத்திருக்கிறீர்களா? அதேதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் கோல்டிட்ஸ் என்று ஒரு கோட்டையைச் சிறை முகாமாக வைத்திருந்தார்கள். மற்ற முகாம்களில் தப்பிக்கப் பார்த்து மாட்டிய அதிகாரிகளை எல்லாம் பிடித்து அங்கேதான் அடைத்தார்கள், அதாவது கேடிகளை எல்லாம் ஒரே வகுப்பில் உட்கார வைத்த மாதிரி, அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே இருந்த டச்சுக்காரர்கள் இரண்டு பொம்மைகள் செய்து, மேலே நீள கோட்டு போட்டு, தலை எண்ணும்போது வரிசையில் நடுவில் நிறுத்திவிடுவார்கள். பொம்மைகளுக்குப் பெயர்கூட உண்டு, மாக்ஸ், மொரிட்ஸ்.

இதைவிடப் பெரிய கூத்து, இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் தப்பித்துவிட்டதாகக் கணக்குக் காட்டிவிட்டு கோட்டைக்குள்ளேயே மாதக்கணக்கில் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்கு 'பேய்கள்' என்று பட்டப்பெயர். வேறு யாராவது நிஜமாகத் தப்பினால் இந்தப் பேய் வந்து அவர் இடத்தில் நிற்கும், எண்ணிக்கை சரியாக வரும், தப்பியவர் நிம்மதியாக ரயில் ஏறிவிடுவார். உங்கள் டைலர் அண்ணனிடம் சொல்லுங்கள், காவலன் மாங்கா இல்லை, அவன் எண்ணுவது ஆளை இல்லை, நம்பரை. ரேஷன் கடை க்யூவில் நின்ற யாருக்கும் இது புரியும்.

பெரம்பூர்_தாத்தா:

தம்பி, உனக்கு வேண்டிய கதை முதல் உலகப் போரில் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படி.

மெசபடோமியாவில் கூத் என்ற ஊரில் பிரிட்டிஷ் படை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்து, 1916 ஏப்ரலில் துருக்கியரிடம் சரணடைந்தது. அந்தப் படையில் பெரும்பகுதி நம் இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் பட்ட பாடு காமெடி இல்லை, அதை இங்கே கலக்க வேண்டாம். அங்கே பிடிபட்ட அதிகாரிகளில் ஜோன்ஸ் என்று ஒருவர், பர்மாவில் அரசு உத்தியோகம் பார்த்த வேல்ஸ்காரர். அவரைத் துருக்கியின் நடுவில் யோஸ்காட் என்ற மலையூர் முகாமில் வைத்தார்கள். பொழுது போகாமல் ஆவியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் ஓஜா போர்டு செய்தார், எழுத்துகளை வட்டமாக வைத்து நடுவில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து விரல் வைப்பது. நம் பிள்ளைகளும் மொட்டைமாடியில் செய்து பயந்திருக்கும். ஜோன்ஸ் விளையாட்டுக்குத்தான் தள்ளினார், ஆனால் கூட இருந்த கைதிகளே நம்பிவிட்டார்கள். கண்ணைக் கட்டிச் சோதித்தும் மாட்டவில்லை, எழுத்து எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

விஷயம் முகாமின் மொழிபெயர்ப்பாளர் காதுக்குப் போனது. அவர் வந்து குறி கேட்க ஆரம்பித்தார். அவர் வழியாகக் கமாண்டன்ட்டும் விழுந்தார். ஆவி என்ன சொன்னது தெரியுமா? புதையல் இருக்கிறது! உடனே ஹில் என்ற ஆஸ்திரேலிய விமானி ஜோன்ஸோடு சேர்ந்துகொண்டார். அவர் நன்றாக மேஜிக் செய்பவர். ஆவி சொன்ன இடத்தில் கமாண்டன்ட் ஆளோடு போய் நின்று தோண்ட, ஹில் ஒளித்து வைத்திருந்த கேமராவில் அதைப் படம் பிடித்துவிட்டார். கைதியோடு சேர்ந்து கமாண்டன்ட் புதையல் தோண்டும் படம்! உன் நாடகத்துக்கு இடைவேளை அங்கேதான் விடவேண்டும்.

படம் எதற்கு என்கிறாயா? ஒருவன் தப்பினால் மீதி கைதிகளைத் தண்டிப்போம் என்ற மிரட்டல் அந்த முகாமில் இருந்தது. கமாண்டன்ட்டே கூட்டுக் களவாணி என்று ஆதாரம் இருந்தால் மற்றவர்கள் மேல் கை வைக்க முடியாதல்லவா? புதையல் சாக்கில் கடற்கரைப் பக்கம் போய்விடும் திட்டம் நிறைவேறவில்லை. அப்புறம் இருவரும் பைத்தியமாக மாறினார்கள். பட்டினி கிடந்து இளைத்து, ஒருவர் சதா பைபிளைப் பிடித்துக்கொண்டு அழுவது, இன்னொருவர் ஆங்கிலேயர்கள் என்னைக் கொல்ல வருகிறார்கள் என்று அலறுவது, வழியில் தூக்கு மாட்டிக்கொள்வதுபோல் ஒரு நாடகம் வேறு. கான்ஸ்டான்டினோபிள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் பல மாதம் சோதித்தும் வேஷம் கலையவில்லை. கடைசியில் நோயாளிகள் என்று 1918இல் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். இவ்வளவு பாடுபட்டும், போர் முடிந்து மற்றவர்கள் சாதாரணமாகக் கிளம்பியதற்குச் சில வாரம் முன்னால்தான் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் அதுதான்.

உன் கமாண்டன்ட் நடிகரிடம் சொல். அந்த ரோல் முட்டாள் ரோல் இல்லை, ஆசைக்கார ரோல். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழவேண்டாம், புதையல் என்றதும் கண் மின்னினால் போதும்.

வியாசர்பாடி_வாசகி:

தாத்தா கதை சூப்பர். நான் கொஞ்சம் பிரேக் போடுகிறேன். நாஜி முகாம்களைக் கலகலப்பாகக் காட்டும்போது கவனம் வேண்டும். 1944 மார்ச்சில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து 76 பேர் சுரங்கம் வழியாக வெளியேறினார்கள். ஊர் போய்ச் சேர்ந்தது மூன்றே பேர், பிடிபட்டவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதனால் துருக்கிக் கதைக்கே என் ஓட்டு.

நம் ஆட்கள் கதையும் ஒன்று உண்டு. 1971 போரில் பிடிபட்ட நம் விமானப்படையினர் மூன்று பேர், பருல்கர், கிரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி, 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரில் துளை போட்டு வெளியே வந்தார்கள். பாகிஸ்தான் விமானப்படை ஆட்கள் மாதிரி பீலா விட்டுக்கொண்டே பெஷாவர் வழியாக லண்டி கோட்டல் வரை பஸ்ஸில் போய்விட்டார்கள். ஆப்கன் எல்லைக்குச் சில மைல்தான் பாக்கி. அங்கே லண்டி கானாவுக்கு எப்படிப் போவது என்று விசாரித்தார்கள். பழைய வரைபடத்தில் அது ரயில் நிலையம். ஆனால் அந்தப் பாதையை ஆங்கிலேயர்கள் 1932லேயே மூடிவிட்டார்கள்! நாற்பது வருஷத்துக்கு முன் நின்றுபோன ரயிலைக் கேட்டால் உள்ளூர்க்காரனுக்குச் சந்தேகம் வராதா? தாசில்தார் முன் நிறுத்தினார்கள். அங்கேயும் விடவில்லை, விமானப்படைத் தளபதியின் உதவியாளருக்குப் போன் போடுங்கள், எங்களை அவருக்குத் தெரியும் என்றார்கள். தெரியாமலா போகும், அவர்தான் முன்பு இவர்களுடைய முகாமுக்குப் பொறுப்பாளர். ஜெயிலரையே நன்னடத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்ட கைதிகள் வேறு எங்கேயாவது உண்டா? அந்தப் போன்தான் அவர்கள் உயிரைக் காப்பாற்றியது. அந்த வருஷக் கடைசியில் எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

தண்டையார்பேட்டை_தாஸ்:

நம்ம ஊர் வாசனை கேட்டீர்களே, எம்டனை யாரும் சொல்லவில்லையே! 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல். பலே கில்லாடியை 'அவன் எம்டன்' என்கிறோமே, இதனால்தான். அந்தக் கப்பல் அதிகாரிகளில் லாட்டர்பாக் என்று நல்ல தொந்தி உள்ள ஒருவர் பிடிபட்டு, சிங்கப்பூரில் டாங்ளின் முகாமில் இருந்தார். 1915 பிப்ரவரியில் அங்கே காவல் இருந்த இந்தியப் படைப்பிரிவு கலகம் செய்து முகாம் கதவைத் திறந்துவிட்டது. பெரும்பாலான ஜெர்மானியர்கள் வெளியே வரவே தயங்கினார்கள், நம்மாள் மட்டும் சில பேரோடு நழுவிப் படகு பிடித்து சுமத்ரா போய், சீனா, அமெரிக்கா என்று உலகத்தைச் சுற்றி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மாறுவேஷம் வேறு. உங்கள் குழுவில் குண்டாக யாராவது இருந்தால் ரோல் ரெடி.

காசிமேடு_கதிர்:

அண்ணன்மார், தாத்தா, அக்கா எல்லோருக்கும் நன்றி. இட்லித் துணி வரைபடத்தைத் தூக்கிவிட்டோம். கைதிகள் எம்டன் ஆட்களாகவே இருக்கட்டும், முகாமை ராயபுரத்திலேயே ஒரு உப்புக் கிடங்கு என்று கற்பனையாக வைத்துக்கொள்கிறோம், ஓஜா போர்டுக்குப் பதில் உடுக்கை அடித்துக் குறி சொல்வது. கமாண்டன்ட் நடிகர் நேற்று புதையல் காட்சியை ஒத்திகை பார்த்தார், டைலர் அண்ணன் வாயே திறக்கவில்லை. கடைசியில் எழுந்து வந்து, "அந்தப் புதையல்ல எனக்கு எவ்ளோ பங்கு?" என்று கேட்டார். தாத்தா, ஒரு சந்தேகம்: மேடையில் அந்தப் பழைய காலத்துக் கேமராவை எதற்குள் ஒளித்துக் காட்டலாம்?