தண்ணி வராத போர்வெல்லைப் பற்றி யாரும் எழுதுவதில்லை: நிலத்தடி நீர் ஆய்வில் உங்கள் அனுபவம் என்ன?

பாறைக்கண்:

நிலத்தடி நீரில் பிஎச்டி செய்பவர்கள், முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். நிலத்தின் மேல் நின்று மின்தடை அளந்து, அந்த எண்ணைக் கீழே இருக்கும் பாறையோடும் தண்ணீரோடும் பொருத்துவதுதான் நம்மில் பாதிப் பேருடைய ஆய்வு. அந்தப் பொருத்தம் உங்களுக்கு எங்கே கிடைத்தது, எங்கே கைவிட்டது? என் பங்கை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் பகுதி நாமக்கல் பக்கம். சார்னோகைட், நைஸ் எனும் கெட்டிப் பாறைகள், அங்கங்கே அவற்றைச் சுவர் மாதிரி குறுக்கே வெட்டி ஓடும் டைக் பாறை. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே உதிர்ந்த பாறை ஐந்து மீட்டரோ இருபது மீட்டரோ, அப்புறம் கெட்டிப் பாறை. நான்கு கம்பி நட்டு, வெளியே இருக்கும் இரண்டில் மின்சாரம் விட்டு, உள்ளே இருக்கும் இரண்டில் மின்னழுத்தம் பார்க்கும் ஷ்லம்பர்ஜர் முறை. வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் ஆழத்துச் செய்தி வரும். கெட்டிப் பாறை ஆயிரக்கணக்கில் ஓம் மீட்டர் (மின்தடையின் அலகு) காட்டும், தண்ணீர் ஊறிய உதிர்பாறை பெரும்பாலும் நூறுக்குள் நிற்கும். புத்தகத்தில் அவ்வளவுதான். களத்தில் சித்திரை வெயிலில் மண் காய்ந்து கிடந்தால் கம்பி மண்ணோடு ஒட்டாது, ஒவ்வொரு கம்பிக்கும் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மும்முனை மின்சாரம் வந்துவிட்டால் சுற்றி இருக்கிற மோட்டார் எல்லாம் ஓடும், மீட்டரில் எண் ஆட ஆரம்பித்துவிடும், அதனால் கரண்ட் விடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் எங்கள் வேலையே.

எண் சரியாக வந்த பிறகுதான் உண்மையான தொல்லை. மேலேயும் கீழேயும் மின்தடை கூடுதலாக இருந்து, நடுவில் குறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அது 20 ஓம் மீட்டரில் 10 மீட்டர் தடிமனாக இருந்தாலும், 40 ஓம் மீட்டரில் 20 மீட்டராக இருந்தாலும் மேலே அளந்து வரையும் வளைவில் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் தடிமனை மின்தடையால் வகுத்த எண் இரண்டிலும் ஒன்றே. முதலாவது களிமண்ணாகச் சிதைந்த பாறை, தண்ணீர் இருந்தும் விடாது. இரண்டாவது நல்ல உதிர்பாறை, கிணறு வெட்டலாம். கணினி இரண்டையும் சரி என்று சொல்லும். எது என்று முடிவு செய்ய அந்த இடத்தில் ஒரு துளை வேண்டும்.

இதை விவசாயியிடம் எப்படிச் சொல்வது? "ஏனுங்க தம்பி, எத்தனை அடியில தண்ணி இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்பார். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நூறு மீட்டர் விரித்தால் எனக்கு நம்பிக்கையாகத் தெரிவது 120, 130 அடி. அவர் போடப்போவது 900 அடி. 600 அடியில் கையகல வெடிப்பு இருந்தால் என் மீட்டருக்கு அது இல்லாத மாதிரிதான். "அப்ப இந்த மிசினு எதுக்குங்க?" என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்வி.

சரி, பொருத்திப் பார்க்கத் துளை வேண்டுமே. அரசுக் கண்காணிப்புக் கிணறுகளுக்குப் பாறைப் பதிவு உண்டு, ஆனால் அவை நாலு ஊருக்கு ஒன்றுதான். விவசாயிகளின் போருக்குப் பதிவு கிடையாது. ஆனால் ஒன்று கிடைக்கும்: கேசிங் அளவு, அதாவது மேல்மண் சரியாமல் இருக்க இறக்கும் குழாயின் நீளம். கெட்டிப் பாறை தட்டும் வரைக்கும்தான் கேசிங் இறக்குவார்கள், அதற்கு அடிக்கணக்கில் தனிக் காசு, அதனால் போர் போட்டு எத்தனை வருஷம் ஆனாலும் அந்த எண்ணை யாரும் மறப்பதில்லை. உதிர்பாறையின் தடிமனுக்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. என் வளைவுகளும் கேசிங் அளவும் பெரும்பாலான இடங்களில் நன்றாகவே பொருந்தின.

பொருந்தாதது தண்ணீர். எல்லோரும் ஓடுகிற போரைத்தான் காட்டுவார்கள். ஒரு தோட்டத்தில் வீட்டுக்காரர் ஒரே ஒரு போரைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி கூப்பிட்டு, "சாமி, களத்தோரம் ஒண்ணு, புளியமரத்துக்கிட்ட ஒண்ணு, ஓடைக்கு அந்தாண்ட ஒண்ணு போட்டுதுங்க, அதையெல்லாம் எழுதலீங்களா?" என்றார். மூன்றும் புகைதான், தண்ணீர் இல்லாமல் கல்தூள் மட்டும் பறந்தவை. மேலே கல்லை வைத்து மூடியிருந்தார்கள். புளியமரத்துப் போருக்கு 65 அடி கேசிங் என்பது அவருக்கு நினைவிருந்தது, தன் சங்கிலியை அடகு வைத்த காசில் போட்டதாம். 65 அடி கேசிங் என்றால் உதிர்பாறை தடிமன், மின்தடையும் குறைவு, எங்கள் பாடப்படி அருமையான இடம். சொட்டுத் தண்ணீர் இல்லை.

அதற்கப்புறம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் தண்ணி வராத போரை முதலில் கேட்டேன். அவற்றையும் சேர்த்தபோது, மின்தடைக்கும் போரின் தண்ணீருக்கும் வரைந்திருந்த அழகான கோடு சிதறிப்போனது. துறையில் மூத்தவர் ஒருவர், அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டால் ஆர் ஸ்கொயர் (கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்) நன்றாக வருமே என்றார். வரும்தான். நம் ஆய்வேடுகளில் பல கோடுகள் அப்படி வந்தவை என்பது என் சந்தேகம். ஓடுகிற போரை மட்டும் வைத்து வரைந்தால் மீட்டர் எங்கே பொய்யாகும் என்பதே தெரியாது. புள்ளிகளை அப்படியே விட்டு, உதிர்பாறைத் தடிமனுக்கு ஒரு அத்தியாயம், தண்ணீருக்குத் தனி அத்தியாயம் என்று பிரித்து எழுதினேன்.

உப்புக்காற்று:

அக்கா ஒருத்தி கடலோரத்திலிருந்து எழுதுகிறேன். எனக்குச் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம். அங்கே பல வருஷம் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்நாட்டுக்குள் பத்து கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. பாறைக்கண் சொல்வதற்கு நேர் எதிரான தொல்லை எனக்கு. எங்கே அளந்தாலும் எண் குறைவு. உப்புநீர் ஊறிய மணல் 2 ஓம் மீட்டர் காட்டும், பழைய கடல் களிமண்ணும் 2, 3 காட்டும். முதலாவது என்றால் கடல் உள்ளே வந்துவிட்டது, இரண்டாவது என்றால் அந்தக் களிமண்தான் கீழே இருக்கும் நல்ல தண்ணீரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். ஐபி முறை (மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மண்ணில் தங்கும் மின்னழுத்தத்தை அளப்பது) களிமண்ணைப் பிரித்துக் காட்டும் என்பார்கள், உப்பு கூடினால் அந்தச் சைகையும் மங்கிவிடுகிறது. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது வாளியும் கயிறும் கையடக்க இசி மீட்டரும்தான். ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எடுத்து மின்கடத்துதிறன் பார்த்து, வரைபடத்தின் மேல் வைத்தேன். மின்தடையை உள்ளே இருக்கும் தண்ணீரோடு இணைத்து ஆர்ச்சி 1942இல் சொன்ன சமன்பாடு களிமண் இல்லாத மணலுக்கு. நம் கடற்கரையில் சுத்த மணலைத் தேடிப்பாருங்கள்!

நாலாவது வருஷம்:

வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) மாட்டியவன் அனுபவமும் வேண்டுமா? ஸ்ரீ நிவாஸ், சிங்கால் இருவரும் 1981இல் கொடுத்த உறவை வைத்து, அடுக்கின் குறுக்கு மின்தடையிலிருந்து (மின்தடையைத் தடிமனால் பெருக்கிய எண்) நீர் கடத்தும் திறனைக் கணக்கிட்ட ஆய்வேடுகள் ஏராளம். எங்கள் துறையிலும் ஒரு சீனியர் அப்படிச் செய்திருந்தார், வைவா பார்க்கப் போயிருந்தேன். தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தக் கட்டுரை துளைகள் உள்ள வண்டல் மாதிரி ஊடகத்துக்கு. உங்களுடையது வெடிப்புப் பாறை. எப்படிப் போட்டீர்கள்?" அறையே அமைதி. அடுத்து, நாற்பதடி அகலக் கிணற்றில் இறைத்துப் பார்த்துவிட்டுத் தைஸ் 1935 முறையில் கணக்குப் போட்டதையும் பிடித்தார். கிணற்றுக்குள்ளேயே தேங்கி நிற்கும் தண்ணீரைத் தைஸ் கணக்கில் எடுப்பதில்லை, அகலக் கிணற்றுக்குப் பாப்படோபுலோஸ், கூப்பர் 1967இல் கொடுத்த முறைதான் சரி. பட்டம் கொடுத்துவிட்டார்கள், இரண்டு அத்தியாயத்தைத் திருத்தச் சொல்லி.

ரிக்வண்டி:

நான் ஆய்வு மாணவன் இல்லை, திருச்செங்கோடு. அப்பா போர் போடும் ரிக் வண்டியில் ஆந்திரா, கர்நாடகா எல்லாம் ஓட்டியவர். தேங்காய் வைத்துப் பார்த்த பாயிண்ட், மிசின் வைத்துப் பார்த்த பாயிண்ட், இரண்டிலும் ஓட்டியிருக்கோம், இரண்டிலும் புகை வந்திருக்கு, இரண்டிலும் தண்ணி பீய்ச்சியிருக்கு. "நமக்கு அடிக்குத்தான் காசு, தண்ணிக்கு இல்ல" என்பார் அப்பா. ஆனால் அவர் பார்ப்பது வேறு. ஒவ்வொரு ராடு இறங்கினதும் வெளியே வரும் தூளைத் தனித்தனிக் குவியலாகக் கொட்டி வைப்பார். கெட்டிக் கல் என்றால் மாவு மாதிரி பறக்கும். பழுப்பு ஏறி, தூள் உருண்டு உருண்டு விழுந்து, புகை நின்றால் ஈரம் பட்டாச்சு. ராடு சட்டென்று தொம்மென இறங்கினால் கேப், அதாவது பாறையில் வெடிப்பு. அதை உடனே நோட்டில் குறிப்பார், ஏனென்றால் அப்புறம் மோட்டார் எத்தனை அடியில் விடுவது என்று வீட்டுக்காரர் போன் போட்டுக் கேட்பார். தண்ணி வராத போரும் அதில் இருக்கு, காசு பாக்கி நிற்பதே அவங்ககிட்டதானே.

பாறைக்கண்:

ரிக்வண்டி, அந்த நோட்டுதான் எனக்கு வேண்டியது! பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். ஊர், கேசிங் அடி, கேப் விழுந்த அடி, மொத்த ஆழம், எத்தனை இஞ்ச் தண்ணி, இவ்வளவு இருந்தால் போதும். படம் எடுத்து அனுப்ப முடியுமா?

ரிக்வண்டி:

படம் எடுத்தா உங்களுக்குப் புரியாதுங்க. கேப்புக்கு ஒரு கோடு, ஈரத்துக்கு ஒரு புள்ளி, புகைக்கு ஒண்ணும் போடமாட்டார், பாதி பக்கத்தில் கிரீஸ் வேற. நேரில் வாங்க, அப்பாவே படிச்சுச் சொல்வார். மதியம் தூங்குவார், நாலு மணிக்கு மேல வந்தா சரியா இருக்கும்.