நிக்கலை வைத்து உலகை வளைக்கும் இந்தோனேசியா: துணிச்சலா, ஆபத்தா?

பொருநை:
2020 ஜனவரியில் கச்சா நிக்கல் தாதுவின் ஏற்றுமதிக்கு இந்தோனேசியா தடை போட்டது. மண்ணாக விற்காமல் உருக்கி உலோகமாக விற்க வேண்டும் என்பது அன்றைய அதிபர் ஜோக்கோ விடோடோவின் கொள்கை. இன்று உலகில் வெட்டப்படும் நிக்கலில் பாதிக்கும் மேல் அந்த ஒரே நாட்டுடையது. நிக்கல் பொருள்களின் ஏற்றுமதி ஆண்டுக்கு 3,000 கோடி டாலரைத் தாண்டியதாக அரசே சொல்கிறது. தாதுவை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, அதில் செய்த பொருளைக் கொள்ளை விலைக்கு வாங்கும் காலனிக்காலத் தலையெழுத்தை ஓர் ஆசிய நாடு மாற்றி எழுதியிருக்கிறது. இதைப் போய் 'உலகச் சந்தைக்கு ஆபத்து' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

மதிவாணி:
ஏற்றுமதித் தொகையை நாட்டின் வருமானமாக எண்ணிவிடாதீர்கள், பொருநை. நிக்கல் சுத்திகரிப்புத் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீன நிறுவனங்களின் பிடியில் இருக்கிறது. வரிவிலக்கும் அவர்களுக்குத்தான். அந்த 3,000 கோடியில் லாபம் எங்கே போகிறது என்று கேளுங்கள். சுலாவெசித் தீவின் மொரொவாலி நிக்கல் தொழிற்பூங்காவில் 2023 டிசம்பர் 24 அன்று உருக்காலை வெடித்து 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். மின்சாரக் கார் பேட்டரிக்கான உலோகம் என்று பெருமை பேசுகிறார்கள். அதை உருக்கும் மின்சாரம் ஆலைகள் தமக்கெனக் கட்டிக்கொண்ட நிலக்கரி நிலையங்களிலிருந்து வருகிறது.

பொருநை:
இறந்தவர்களுக்காக எனக்கும் வலிக்கிறது. பாதுகாப்பு விதிகளைக் கறாராக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முதலீட்டுக்கு வேறு யார் வந்தார்கள்? பல பத்தாண்டுகளாகத் தாதுவை வாங்கிய நாடுகள் அங்கே போதுமான உருக்காலைகளைக் கட்டவில்லை. தடை வந்ததும் ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புக்குப் போய், 2022 நவம்பரில் சாதகமான தீர்ப்பும் வாங்கியது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்துவிட்டுத் தன் வழியில் நிற்கிறது. பணக்கார நாடுகள் தாம் வளர்ந்தபோது சொந்தத் தொழிலுக்கு வேலி கட்டவில்லையா?

எவர்சில்வர்_வணிகன்:
நான் பாத்திர வியாபாரி. நிக்கலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு துருப்பிடிக்காத எஃகுக்குத்தான் போகிறது, பேட்டரி அப்புறம்தான். நிக்கல் விலைக்குப் பயந்துதான் நம் நாட்டுப் பாத்திரங்களில் பெரும்பாலும் நிக்கல் குறைந்த, மாங்கனீசு கூடிய தகட்டைப் பயன்படுத்துகிறோம்.

2022 மார்ச் 8 எங்கள் தொழிலில் யாருக்கும் மறக்காது. லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு 1,00,000 டாலரைத் தாண்டியது. விலை இறங்கும் என்று பெரிய அளவில் பந்தயம் கட்டிச் சிக்கிக்கொண்டது சீனாவின் சிங்ஷான் நிறுவனம். மொரொவாலியை உருவாக்கியதில் முதன்மையானவர்கள் அவர்களே. லண்டன் சந்தை நிர்வாகம் அன்றைய வர்த்தகத்தையே ரத்து செய்துவிட்டு, நிக்கல் வர்த்தகத்தை ஒரு வாரம் மூடியது. எனக்குத் தகடு தரும் வியாபாரிகள் விலை சொல்லவே மறுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு நேர் எதிர். இந்தோனேசியச் சரக்கு குவிந்து, 2023 தொடக்கத்தில் 30,000 டாலரை ஒட்டியிருந்த விலை ஓராண்டில் 16,000 அளவுக்குச் சரிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பி.எச்.பி. சுரங்க நிறுவனம் தன் நிக்கல் ஆலைகளை 2024இல் நிறுத்தியது. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் கோனியாம்போ நிக்கல் ஆலையில் உலைகள் அணைந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். எனக்கு இன்று மலிவு நல்லதுதான். மற்றவர்கள் எல்லோரும் மூடியபிறகு, மிஞ்சி நிற்கும் ஒருவர் வைத்ததுதானே விலை?

மதிவாணி:
அந்த ஒருவருக்கும் நிம்மதி இல்லை. நிக்கலே வேண்டாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இன்று மின்சாரக் கார்களில் கிட்டத்தட்டப் பாதியைப் பிடித்துவிட்டன. உள்நாட்டுத் தாது உலைகளின் பசிக்குப் போதாமல், தாது ஏற்றுமதியைத் தடை செய்த அதே நாடு 2024இல் பிலிப்பைன்ஸிலிருந்து 1 கோடி டன்னுக்கும் மேல் தாது இறக்குமதி செய்தது. காட்டையும் கடலையும் பலிகொடுத்து, விலையையும் விழவைத்துக்கொண்டு, தாதுக்கும் வெளியே கையேந்துவதை வெற்றி என்று என்னால் சொல்ல முடியாது.

கணக்கன்:
நிக்கலோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். 1998இல் அந்நாட்டுப் பொருளாதாரம் 13 சதவீதம் சுருங்கி, நாணயமான ருபியா நொறுங்கி, அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியே கவிழ்ந்தது. அந்தக் காயத்தால்தான் பட்ஜெட் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பின்னர் சட்டம் போட்டார்கள். இப்போது அதிபர் பிரபோவோவின் பெரும் செலவுத் திட்டங்களைப் பார்த்து முதலீட்டாளர்கள் அந்த வரம்பு நிலைக்குமா என்று அஞ்சுகிறார்கள். 2025 மார்ச் 18 அன்று ஜகார்த்தா பங்குச்சந்தை 7 சதவீதம் வரை விழுந்து, வர்த்தகத்தை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் வீட்டுக்கு வரும் வழி பாமாயில். உலகப் பாமாயிலில் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான். 2022 ஏப்ரல் 28 அன்று திடீரென ஏற்றுமதியை நிறுத்தினார்கள். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வழங்கும் தமிழ்நாட்டில், இறக்குமதி விலை ஏறினால் அரசின் மானியச் சுமை கூடும். என் பார்வையில் பெரிய ஆபத்து, இரவோடிரவாக வரும் இந்த ஆணைகள்தான்.

பொருநை:
அந்தத் தடை நான்கு வாரம்கூட நிற்கவில்லை, மே 23 அன்று விலக்கினார்கள். சொந்த மக்களுக்குச் சமையல் எண்ணெய் எட்டாத விலைக்குப் போனபோது வேறென்ன செய்வது? அதே மே மாதம் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்ததே. நமக்கு நியாயம், அவர்களுக்கு மட்டும் அடாவடியா?

கணக்கன்:
இந்தியக் கோதுமை உலக வணிகத்தில் சிறு பங்கு. பாதியைக் கையில் வைத்திருப்பவர் கதவை மூடுவது வேறு. சரி, எவ்வளவு தாது வெட்டலாம் என்று அரசு தரும் சுரங்க ஒப்புதலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் தந்ததை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். 2025இல் மறுபடி ஓராண்டுக்கே திரும்புவதாக அறிவித்தார்கள். உலை கட்டுகிறவர் இருபது ஆண்டுக்குக் கணக்குப் போடுகிறார், தாதுவுக்கு உறுதி ஓராண்டுதான்.

பொருநை:
ஆண்டுதோறும் அளவைக் குறைத்தால்தான் விலை நிமிரும், கணக்கன். தாது அவர்கள் மண்ணில் இருக்கிறது. எவ்வளவு வெட்டுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.