ஆர்லாண்டோ டிஸ்னி: 13 பேர், மூன்று தலைமுறை, எங்கே தங்குவது?

மணிமுத்தாறு கேட்கிறார்:

மார்ச் நடுவில் ஆறு இரவு ஆர்லாண்டோ. அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 71. அம்மாவுக்கு மூட்டுவலி, வீட்டுக்குள் நடப்பார், படி ஏற முடியாது, பார்க்கில் வீல்சேர் வேண்டும். அண்ணன் குடும்பம் நாலு பேர், நாங்கள் நாலு பேர், தங்கை வீட்டில் மூன்று பேர். பிள்ளைகளுக்கு வயது 14, 11, 8, 5, ஒன்றரை. டிஸ்னி பார்க்குகளான மேஜிக் கிங்டம், எப்காட், அனிமல் கிங்டம் ஒவ்வொரு நாள், யுனிவர்சல் ஒரு நாள், மற்றது ஓய்வு. அப்பா அம்மா சைவம், இரண்டு வேளையாவது வீட்டுச் சாப்பாடு வேண்டும்.

மூன்று வழி பேசிக்கொண்டிருக்கிறோம்: டிஸ்னிக்கு வெளியே சாம்பியன்ஸ்கேட் பக்கம் நீச்சல்குளத்தோடு ஆறு படுக்கையறை வீடு, டிஸ்னியின் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியில் மூன்று ஃபேமிலி சூட், டிஸ்னிக்குள்ளேயே சமையலறை உள்ள வில்லா. வீடு இரவுக்கு 300 டாலர் என்று காட்டுகிறது. மற்ற இரண்டும் பல மடங்கு. வீடு எடுத்துவிடலாமா, அல்லது எதையாவது பார்க்கத் தவறுகிறோமா?

தெற்குவாசல்:

வாடகையை ஓரமாக வையுங்கள். முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: மதியம் ஒரு மணிக்கு அம்மா களைத்துப் போனால், அவரை எத்தனை நிமிடத்தில் கட்டிலில் படுக்க வைக்க முடியும்? பெரியவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிப்போகும் குடும்பத்துக்கு விடுதியைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மேஜிக் கிங்டத்தில் இது மிகவும் உறைக்கும். வெளியிலிருந்து காரில் வருபவர்கள் வாசலில் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் டிரான்ஸ்போர்டேஷன் சென்டரில்தான் நிறுத்த வேண்டும். அங்கே பாதுகாப்புச் சோதனை, அதன்பிறகு மோனோரயில் அல்லது படகு. சாம்பியன்ஸ்கேட்டிலிருந்து ஐ-4 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் 20, 25 நிமிடம். அதன்மேல் பார்க்கிங்கிலிருந்து பார்க் வாசல்வரை 30, 40 நிமிடம். திரும்பவும் அதே கதை. டிஸ்னி விடுதிகளின் பஸ்கள் அந்த சென்டரைத் தொடாமல் நேராக வாசல் அருகே இறக்கிவிடும். டாக்ஸி, ஊபர் எல்லாம் சென்டரோடு சரி.

பணம் ஒரு பொருட்டில்லை என்றால் விடை டிஸ்னியின் வில்லா விடுதியான பே லேக் டவர். மேஜிக் கிங்டத்துக்குச் சமதரையில் பத்து நிமிட நடை, வீல்சேரைத் தள்ளிக்கொண்டே போகலாம். இரண்டு படுக்கையறை வில்லாவில் ஒன்பது பேர், மூன்று குளியலறை. ஒரு படுக்கையறை வில்லாவில் ஐந்து பேர், இரண்டு குளியலறை. இரண்டும் எடுத்தால் உங்கள் 13 பேரும் அடக்கம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை தொட்டிலில் படுத்தால் கணக்கில் வராது. முழு சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் இரண்டிலும் உண்டு. அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜிலும் இதே கணக்கு, இதே குளியலறை எண்ணிக்கை. கீழேயே சனா உணவகம். இந்திய வாடை உள்ள சமையல், சைவத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிடானியின் தாழ்வாரங்கள் மிக நீளம், போக்குவரத்து பஸ் மட்டும்தான். லாபிக்கு அருகில் அறை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதி வையுங்கள்.

டிஸ்னியின் இன்னொரு வில்லா விடுதியான ஓல்ட் கீ வெஸ்ட் விசாலமானது, விலையும் சற்றுக் குறைவு. ஆனால் அங்கே 62, 63, 64 எண் கட்டடங்களில் மட்டும்தான் லிஃப்ட். தரைத்தளம் உறுதியாகாமல் எடுக்காதீர்கள். ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள் பார்க்க அழகு, ஆறு பேருக்கு ஒரே குளியலறை. விட்டுவிடுங்கள்.

வில்லாவை டிஸ்னியிடம் நேரடியாகப் பதிந்தால் இரண்டு படுக்கையறைக்கு ஓர் இரவு 1,000 டாலரை எளிதில் தாண்டும். இந்த வில்லாக்களில் டைம்ஷேர், அதாவது ஆண்டுதோறும் தங்கும் உரிமை, வாங்கிய உறுப்பினர்களுக்கு அது பாயிண்ட்களாகக் கிடைக்கும்; அவர்களிடம் அந்தப் பாயிண்டை வாடகைக்கு எடுத்தால் கணிசமாகக் குறையும். உறுப்பினர் தன் சொந்த விடுதியை 11 மாதம் முன்பும் மற்ற விடுதிகளை 7 மாதம் முன்பும் பதியலாம். அதனால் மார்ச் மாதத்துக்கு, அந்த விடுதியையே சொந்த விடுதியாக வைத்திருப்பவரைத் தேடுங்கள். கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்பாது என்பதையும் மறக்க வேண்டாம். நேரடியாக அறை மட்டும் பதிந்தால் ஐந்து நாள் முன்புவரை ரத்து செய்யலாம். டிக்கெட்டோடு பேக்கேஜ் என்றால் 30 நாள். 76 வயதுக்காரர் வரும் பயணத்தில் இந்த வித்தியாசத்துக்கும் ஒரு விலை உண்டு.

கோடைமழை:

ஆர்ட் ஆஃப் அனிமேஷன் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு சூட்டில் ஆறு பேர், இரண்டு குளியலறை. படுக்கையறையில் ஒரு குயின் கட்டில், கதவு உண்டு. கூடத்தில் சோபா கட்டில் ஒன்று. சாப்பாட்டு மேசையே இரவில் மடக்கினால் இன்னொரு கட்டில். அதாவது கடைசி ஆள் சாப்பிட்டு முடித்தால்தான் படுக்கை விரிக்க முடியும், காலையில் கட்டிலை மடக்கினால்தான் காபி வைக்க இடம். மைக்ரோவேவும் சின்ன ஃப்ரிட்ஜும் இருக்கும், அடுப்பு இருக்காது. தினம் குக்கர் வைக்கும் வீட்டுக்கு அது காணாது.

அதன் பலம் ஸ்கைலைனர். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பார்க்குக்கும் கம்பியில் தொங்கும் கேபினில் போகலாம். கரீபியன் பீச் நிலையத்தில் இறங்கி மாற வேண்டும். வீல்சேருக்குத் தனிப்பாதை உண்டு. அங்கே கேபின் முழுவதும் நின்ற பிறகே ஏற்றுவார்கள், அம்மா எழுந்திருக்கவே வேண்டாம். ஸ்ட்ரோலரையும் மடிக்காமல் உள்ளே தள்ளலாம். பஸ்ஸில் அது நடக்காது: தூங்கும் குழந்தையை எடுத்து, ஸ்ட்ரோலரை மடித்து, கையில் பிடித்து நிற்க வேண்டும். ஆனால் இடி மின்னல் வந்தால் ஸ்கைலைனர் நின்றுவிடும். எப்காட்டில் அது இறக்கிவிடுவதும் பின்வாசலில், பிரான்ஸ் அரங்குக்கும் இங்கிலாந்து அரங்குக்கும் நடுவே. பெரிய வெள்ளிப்பந்து இருக்கும் முன்பக்கத்துக்கு அங்கிருந்து நல்ல நடை.

பஸ்ஸில் இன்னொரு சங்கடம். வீல்சேருக்குப் பெரும்பாலும் இரண்டே இடம். வீல்சேரில் வருபவரோடு சேர்த்து ஐந்தாறு பேரைத்தான் முதலில் ஏற்றுவார்கள், மற்றவர்கள் வரிசையில் வர வேண்டும். 13 பேரும் ஒரே பஸ் என்று திட்டம் போடாதீர்கள். அம்மாவோடு யார் போவது என்பதைத் தினமும் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எந்த விடுதியானாலும், தொட்டி இல்லாமல் சக்கர நாற்காலியோடு நுழையும் குளியலறை வேண்டும் என்றால் அது தனி வகை அறை. வந்த பிறகு கேட்டுக் கிடைப்பதில்லை. பதியும்போதே அந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப்பட்ட அறைகளில் கட்டில் எண்ணிக்கை மாறலாம், பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த அறை வேண்டும் என்று கேட்பது வெறும் கோரிக்கைதான், உறுதி அல்ல.

வெள்ளாறு:

வீட்டுக்கு 300 டாலர் என்கிறீர்களே, அது முகப்பு விலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு இரவு 1,800. துப்புரவு 250. மார்ச்சில் குளத்து நீர் சில்லென்றிருக்கும், சூடாக்க நாளுக்கு 35 என்று வைத்தால் 210. ஆக 2,260. சாம்பியன்ஸ்கேட் இருக்கும் ஆசியோலா மாவட்டத்தில் வரி 13.5 சதவீதம், சுமார் 305. இணையதளத்தின் சேவைக் கட்டணம் 14 சதவீதம் என்று கொண்டால் 316. மொத்தம் 2,880 டாலர், இரவுக்கு 480. இதன்மேல் டிஸ்னி பார்க்கிங் ஒரு காருக்கு நாளுக்கு 30 டாலருக்குக் குறையாது. இரண்டு வேன், மூன்று நாள் என்றால் குறைந்தது 180. டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்கு அது இலவசம், தினமும் அரை மணி முன்னதாக உள்ளேயும் விடுவார்கள். அப்படியும் 13 பேருக்கு வீடுதான் மலிவு. ஆனால் 300க்கு அல்ல, 500க்கு மலிவு என்று தெரிந்து எடுங்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ‘16 பேர் தூங்கலாம்’ என்ற வரியை நம்பாதீர்கள். அதில் சோபாவும் சேர்ந்திருக்கும். கதவு உள்ள அறை எத்தனை, அதில் தரைத்தளத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். இந்தப் பக்கத்து மாடி வீடுகள் பலவற்றில் கீழே ஒரே ஒரு படுக்கையறைதான். அது அப்பா அம்மாவுக்கு. அந்த அறையின் குளியலறைப் படத்தைத் தனியாகக் கேளுங்கள். பெரிய தொட்டி மட்டும் இருந்தால் அம்மாவால் கால் தூக்கி வைக்க முடியாது. தனி ஷவர் இருக்க வேண்டும். அதன் வாசல் விளிம்பு எத்தனை அங்குலம், சுவரில் கைப்பிடி இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் குளியல் நாற்காலி ஒன்று வாங்கிக்கொண்டால் செலவு சிறிது, நிம்மதி பெரிது.

ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் குளம்தான் பெரிய ஆபத்து. குளத்தைச் சுற்றிக் கழற்றி மாட்டும் வலைவேலி இருக்கும். முந்தைய விருந்தினர்கள் அதைச் சுருட்டி ஓரத்தில் வைத்திருப்பார்கள். நீங்கள் வரும் முன்பே மாட்டி வைக்கச் சொல்லுங்கள், போனதும் அதன் கதவு தானாகத் தாழிடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். குளத்துக்குத் திறக்கும் கதவுகளில் அலாரம் இருந்தால், ஒவ்வொரு முறையும் கத்துகிறதே என்று யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். பெட்டிகளை இறக்கும் முன் எல்லாக் கதவையும் ஒருமுறை திறந்து சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

சமையலறையில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டு மின்னடுப்பு. அடி தட்டையான குக்கர் ஓடும். அடி வளைந்த இரும்புச் சட்டி சரியாகச் சூடேறாது. ஊரிலிருந்து வந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே ஓடாது, அதனால் இட்லி மாவை இந்தியக் கடையில் வாங்கிவிடுங்கள். தாளிக்கும் புகைக்கு அலாரம் அலறும். பல வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளாமல் உள்ளேயே சுற்றிவிடும். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள்.

கார் எத்தனை நிறுத்தலாம் என்றும் கேளுங்கள். வாசலில் இரண்டுதான் நிற்கும். பல குடியிருப்புகளில் இரவு தெருவில் விட்டால் இழுத்துப்போய்விடுவார்கள். வீடு மெய்யானதுதானா என்று சோதிக்க எளிய வழி: ஃப்ளோரிடாவில் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு மாநில உரிமம் வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி மாநிலத் தளத்தில் தேடுங்கள். வீட்டைப் பதியும் இணையதளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மிக மலிவாக ஒரு ரிசார்ட் தங்கல் கண்ணில் பட்டால் கடைசிவரை வாசியுங்கள். இரண்டு மணி நேர டைம்ஷேர் விற்பனைக் கூட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று கீழே எழுதியிருக்கும்.

மணிமுத்தாறு:

மிக்க நன்றி. பே லேக் டவர் எங்கள் கைக்கு எட்டாது. வீடு என்றே வைத்துக்கொண்டால், மதியம் அம்மாவைக் கூட்டி வருவதை எப்படிச் சமாளிப்பது? யுனிவர்சல் நாளுக்கு அங்கே ஓர் இரவு மாறலாமா?

தெற்குவாசல்:

மதியம் கூட்டி வராதீர்கள், மதியம் கூட்டிப் போங்கள். மேஜிக் கிங்டம் நாளில் முதல் வேன் காலையில் பிள்ளைகளோடு கிளம்பட்டும். அப்பா, அம்மா, குழந்தை, இரண்டு பெரியவர்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி, மூன்று மணிக்கு இரண்டாவது வேனில் வரட்டும். மார்ச் நடுவில் சூரியன் மறைய ஏழரை ஆகும். வெயில் தணிந்த பிறகு நாலைந்து மணி நேரம் அவர்களுக்கு நிறைவாக இருக்கும். வாணவேடிக்கை முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் மோனோரயிலுக்கு ஓடுவார்கள்; நீங்கள் மெயின் ஸ்ட்ரீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

அனிமல் கிங்டத்திலும் எப்காட்டிலும் பார்க்கிங் அந்தந்தப் பார்க் முன்னாலேயே. அம்மாவின் பெயரில் மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள், வேறு மாநில அட்டையும் ஃப்ளோரிடாவில் செல்லும். வாசலுக்கு அருகில் இடம் தருவார்கள். அப்பா அம்மா காலையிலிருந்தே வருவதானால் அனிமல் கிங்டத்துக்கு வரட்டும். காலையில் போய் சஃபாரி பார்த்துவிட்டு மதியம் திரும்பிவிடலாம்.

யுனிவர்சலுக்காக ஓர் இரவு மாற வேண்டாம். 13 பேரின் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே அரை நாள் போகும். அங்கே பார்க்கிங் கட்டடத்திலிருந்து வாசல்வரை நீண்ட நடை. பெரியவர்களுக்கு அதுவே ஓய்வு நாளாகட்டும். யுனிவர்சலின் இன்னொரு பார்க்கான எபிக் யுனிவர்ஸ் என்றால் அது வேறு இடம், வேறு பார்க்கிங். ஒரே நாளில் மற்ற பார்க்குகளோடு கோக்காதீர்கள்.

வெள்ளாறு:

இரண்டு வேன் என்பதில் உறுதியாக இருங்கள். 15 பேர் வேன் ஒன்றே போதும் என்று தோன்றும், ஆனால் தெற்குவாசல் சொன்ன திட்டம் அதில் நடக்காது. ஃப்ளோரிடாவில் ஐந்து வயதுவரை கார் இருக்கை கட்டாயம். உங்களுக்கு இரண்டு வேண்டும். இரண்டையும் ஒரே வேனில் மாட்டிவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளை காலையில் போக முடியாது. குழந்தையுடையதை இரண்டாவது வேனிலும் மற்றதை முதல் வேனிலும் மாட்டுங்கள். வீல்சேர் இரண்டாவது வேனில் போகட்டும். மடித்து வைத்தால் கடைசி வரிசைக்குப் பின்னால் பொருந்துகிறதா என்று வேன் எடுக்கும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள்.