பெல்லட் ஸ்டவ் கண்ணாடி ஒரே ராத்திரியில் கறுத்துவிடுகிறது, ஜோபர்க் பக்கம் யாருக்காவது வழி தெரியுமா?

மிட்ராண்ட்வாசி

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கம் மிட்ராண்டில் வாடகை வீடு. வீட்டுக்காரர் போன வருடம் ஹாலில் ஒரு பெல்லட் ஸ்டவ் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகளை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு) வைத்துக் கொடுத்தார். இத்தாலியத் தயாரிப்பு. புகைக்குழாய் சுவரைத் துளைத்து நேராக வெளியே போகிறது. இங்கே குளிர்காலம், ஜூன் பிறந்ததிலிருந்து தினமும் ஓட்டுகிறோம்.

சாயங்காலம் துடைத்துவிட்டுப் பற்றவைத்தால், காலையில் உள்ளே நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. வெறும் தூசியாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். கண்ணாடியின் மேல் பாதி புகைக்கரி. கீழ்ப் பாதி பளபளவென்று கறுத்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது. ஜன்னல் துடைக்கிற ஸ்ப்ரே அடித்தால் இழுவுகிறதே தவிர வரவில்லை. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் போடலாமா? மனைவி கூடவே கூடாது என்கிறார்.

ராத்திரி முழுக்கக் குறைந்த அளவில், 1-இல் வைத்துவிட்டுத் தூங்குகிறோம். பெல்லட் மூட்டைகள் கராஜில் கிடக்கின்றன.

லெனேசியா அக்கா

தம்பி, மனைவி சொல்வதைக் கேளுங்கள். அது ஜன்னல் கண்ணாடி இல்லை, செராமிக் கண்ணாடி. சூட்டுக்கு அசையாது, ஆனால் கீறல் விழுந்தால் அதற்குள் கரி போய் உட்கார்ந்துகொள்ளும், ஜென்மத்துக்கும் போகாது. கீறின இடத்தில் பலமும் குறையும். இரும்பு நார், பிளேடு, கத்தி முனை எதுவும் வேண்டாம்.

மருந்து அடுப்புக்குள்ளேயே இருக்கிறது. சாம்பல்தான். நம் பாட்டிமார் பித்தளையை எதைப் போட்டுத் தேய்த்தார்கள்? மரச்சாம்பலில் காரத்தன்மை (அல்கலி) உண்டு, பிசுக்கைக் கரைத்துவிடும்.

அடுப்பு நன்றாக ஆறட்டும். கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முதலில் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மேலே இருக்கிற கரியைத் தட்டிவிடுங்கள். செய்தித்தாளைக் கசக்கி, நனைத்து, நன்றாகப் பிழிந்து, சாம்பல் தட்டில் இருக்கிற மாவு மாதிரியான நைஸ் சாம்பலில் ஒற்றி எடுங்கள். மாவுச் சாம்பல் மட்டும்தான். கட்டிதட்டிய துண்டு ஒன்று கலந்தாலும் அது கீறும், சந்தேகம் இருந்தால் சலித்துக்கொள்ளுங்கள். வட்ட வட்டமாகத் தேய்த்தால் கறுப்புச் சேறு போலக் கிளம்பி வரும். இன்னொரு ஈரத்தாளால் துடைத்து, கடைசியில் காய்ந்த துணி. பிடிவாதமான இடத்தில் ஈரச் சாம்பலைப் பூசிக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சில கண்ணாடிகளில் ஓரத்தில் கறுப்புப் பட்டை அச்சடித்திருக்கும், சிலவற்றில் உள்பக்கம் சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு இருக்கும். அந்த வகை என்றால் சாம்பல்கூட வேண்டாம், ஈரத்துணி போதும். கையேட்டில் போட்டிருப்பார்கள்.

டர்பன் மாமா

எங்கள் ஊரில் ஸ்வெட்டரே வருடத்தில் நாலு வாரம்தான் வெளியே வரும், இதில் அடுப்பு வேறா! இருந்தாலும் கேட்கிறேன், பிராய் (கரி நெருப்பில் இறைச்சி சுடுவது) போட்ட சாம்பலை எடுத்துக்கொள்ளலாமா? அது எங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

லெனேசியா அக்கா

வேண்டாம் மாமா. அதில் கறிக்கொழுப்பும் உப்பும் மசாலாவும் கலந்திருக்கும், கரித்துண்டும் கிடக்கும். உங்கள் ஆட்டுக்கறியை அடுப்புக் கண்ணாடியிலும் பூச வேண்டுமா?

அடுப்பு மெக்கானிக்

துடைக்கும் முறையை அக்கா சரியாகச் சொல்லிவிட்டார். கடையில் விற்கிற கண்ணாடி கிளீனரும் போடலாம், ஆனால் கண்ணாடிமேல் அடிக்காமல் துணியில் அடித்துக்கொள்ளுங்கள். வழிந்து இறங்கினால் கதவு ஓரத்துக் கயிறும் (காற்றுப் புகாமல் கதவைச் சுற்றி ஒட்டியிருக்கும் சூடு தாங்குகிற கயிறு) பெயின்ட்டும் கெடும். பல கிளீனரில் கடும் காரம் இருக்கும், கையுறை போடுங்கள். துளி மிச்சமில்லாமல் துடைத்தெடுக்க வேண்டும். மிஞ்சியது அடுத்த நெருப்பில் வெந்து வெள்ளைத் திட்டாக நின்றுவிடும்.

ஆனால் உங்கள் பிரச்சினை துடைப்பதில் இல்லை. ரெண்டு நாள் ஓட்டியபின் வெளிர் சாம்பல் நிறத்தில் தூசி படிந்தால் அது இயல்பு, எல்லா பெல்லட் ஸ்டவ்விலும் வரும். ஒரே ராத்திரியில் பிசுபிசுக் கறுப்பு வந்தால் மரம் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். காற்று போதவில்லை.

ஜோபர்க் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது உயரம். ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. மிட்ராண்ட் கொஞ்சம் கீழே, பெரிய வித்தியாசமில்லை. டர்பனில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், இங்கே 83 பக்கம்தான். அதாவது விசிறி அதே வேகத்தில் சுற்றி அதே கன அளவு காற்றை இழுத்தாலும், அதற்குள் இருக்கிற ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. பெல்லட் மட்டும் குறையாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. தொழிற்சாலையில் தாழ்வான ஊருக்குச் சரிபார்த்து அனுப்பியதை அப்படியே மாட்டிவிட்டுப் போனால் கண்ணாடி கறுக்காமல் என்ன செய்யும்? மாட்டியவர் இதற்கு மெனுவுக்குள் போய்ப் புகை விசிறியின் வேகத்தை ஏற்ற வேண்டும், அல்லது பெல்லட் விழும் அளவைக் குறைக்க வேண்டும். சில மாடலில் உயரத்துக்கென்றே தனி அமைப்பு உண்டு. டெக்னீஷியன் மெனுவை நீங்களே திறக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

அதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை: பெல்லட் விழுந்து எரிகிற கிண்ணத்தை வெளியே எடுங்கள். அடியில் ஓட்டைகள் இருக்கும். கட்டிதட்டிய சாம்பல் அவற்றை அடைத்திருந்தால் காற்று மேலே வராது. கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். நாலு பக்கமும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு மூலையில் சுலபமாக வழுக்கி வந்தால் அங்கே கயிறு செத்துவிட்டது, காற்று கிண்ணத்துக்குப் போகாமல் அந்த வழியாக உள்ளே நுழைகிறது.

நெருப்பின் நிறத்தையும் பாருங்கள். மஞ்சள் வெளிச்சமாகக் குட்டையாக, துறுதுறுவென்று ஆடினால் நல்லது. நீளமாக, சோம்பலாக, ஆரஞ்சு நிறத்தில் நுனியில் கரிப்புகையோடு எழும்பினால் காற்றுப் பஞ்சம்.

மிட்ராண்ட்வாசி

நன்றி அண்ணா, கடைசியாகச் சொன்ன மாதிரியேதான் எரிகிறது. ஆரஞ்சு, நீளம். கிண்ணத்தில் பாதி ஓட்டைகள் தெரியவே இல்லை, குச்சியால் குத்தித் திறந்தேன். கதவின் மூன்று பக்கம் தாள் இறுக்கமாக நிற்கிறது, கீல் பக்கத்துக் கீழ் மூலையில் வழுக்குகிறது. இன்னொன்று: கண்ணாடிக்கு மேலே, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நீளமாக ஒரு சந்து இருக்கிறது. அங்கே கயிறே இல்லை.

பெனோனி ராஜா

அதுதான் ஓட்டை. ஹார்டுவேர் கடையில் சூடு தாங்குகிற சிலிக்கான் கிடைக்கும், அடைத்துவிடுங்கள்.

அடுப்பு மெக்கானிக்

ராஜா, வேண்டாம்! கதவு ஓரத்துக் கயிறு வேறு, கண்ணாடிக்கு மேலே இருக்கிற சந்து வேறு. அந்தச் சந்து வேண்டுமென்றே விட்டது. அது வழியாக நுழையும் காற்று கண்ணாடியை ஒட்டித் திரையாக இறங்கிப் புகையைத் தள்ளி வைக்கிறது. அடைத்தால் நாளைக்கே இன்னும் கறுக்கும். அதில் சாம்பல் அப்பியிருந்தால் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், அவ்வளவுதான்.

ராத்திரி முழுக்க 1-இல் ஓட்டுவதையும் விடுங்கள். சின்ன நெருப்பில் கண்ணாடி சூடேறாது, புகையில் இருக்கிற தார் அதில்தான் போய்க் குளிர்ந்து ஒட்டும். வீடு சூடாகிற வரை நடுத்தர அளவில் ஓட்டி அணைத்துவிடுங்கள். தேவைப்பட்டால் விடிகாலையில் டைமர் போடலாம். அணைக்கும் முன் அரை மணி நேரம் பெரிய நெருப்பில் வைத்தால் இளம் கரி தானாகவே கொஞ்சம் எரிந்துபோகும்.

கராஜ் மூட்டை பற்றி: நம் ஊரில் மழை கோடையில்தான். ஜனவரியில் சிமென்ட் தரையில் கிடந்த மூட்டை ஜூனில் எப்படி இருக்கும்? ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு பெல்லட்டை உடைத்துப் பாருங்கள்: டக்கென்று முறிந்தால் நல்லது, பொடியாக உதிர்ந்தால் ஈரம் வாங்கியது. தண்ணீரில் போட்டால் நல்ல பெல்லட் மூழ்கும். மூட்டைகளைப் பலகை மேல் தூக்கி வையுங்கள், மூட்டை அடியில் சேரும் மரத்தூளை ஸ்டவ்வில் கொட்டாதீர்கள்.

லெனேசியா அக்கா

கரன்ட் போனாலும் கறுக்கும், அதையும் சொல்லுங்கள். லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் அதே கதைதான். விசிறி நின்றுவிடும், கிண்ணத்தில் கிடக்கிற பெல்லட் மட்டும் புகைந்துகொண்டே இருக்கும்.

அடுப்பு மெக்கானிக்

உண்மை அக்கா. சுவர் வழியாக நேராக வெளியே போகிற குழாயில் புகை தானாக மேலே இழுபடாது. வெளியே குழாயைக் கொஞ்சம் நிமிர்த்தி மேலே கொண்டுபோனால் கரன்ட் இல்லாதபோதும் கொஞ்சம் இழுக்கும். விசிறிக்கு மட்டும் சின்ன இன்வெர்டர் இருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்ட நேரத்தில் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று ஹாலில் கட்டாயம் இருக்கட்டும்.

மிட்ராண்ட்வாசி

அப்டேட். வீட்டுக்காரர் டீலரிடமிருந்து ஆள் அனுப்பினார். வந்தவர் விசிறி வேகத்தை ஏற்றினார், பெல்லட் அளவை ஒரு படி குறைத்தார், குழாயின் அடி மூடியைத் திறந்து ஒரு வாளி கரியை எடுத்தார். கதவுக் கயிறும் மாற்றியாயிற்று. பழைய கறை சாம்பலில் போய்விட்டது, ஒரு மூலையில் மட்டும் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஒரு திட்டு நிற்கிறது. இப்போது காலையில் பார்த்தால் வெளிர் தூசிதான், காய்ந்த துணி போதும். சமயத்தில் அதற்கும் சோம்பல் வந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

அடுப்பு மெக்கானிக்

அந்தத் திட்டு கண்ணாடியிலேயே அரித்துப் பதிந்ததாக இருக்கும், விட்டுவிடுங்கள். எடுத்த சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் வையுங்கள். உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம்.

டல்ஸ்ட்ரூம் விருந்தினர் இல்லம்

நாங்கள் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். அதே கறுப்பு, ஆனால் கண்ணாடியின் இடது பக்கம் மட்டும். இதற்கும் உயரம்தான் காரணமா?

அடுப்பு மெக்கானிக்

ஒரே பக்கம் என்றால் உயரம் இரண்டாவது. முதலில் அந்தப் பக்கத்துக் கயிற்றையும் மேல் சந்தையும் பாருங்கள், கிண்ணம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கதவு திறந்த நிலையில் ஒரு போட்டோ போடுங்கள்.